தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஆட்கள் வாட்ஸாப் குழுவில் நீங்கள் காலை எழுந்ததும் அனுப்புகிற பூப்படங்களையும் பொன்மொழிகளையும் நான் திறந்து பார்க்காமலே அழித்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், போன் நிரம்பிவிடுகிறது. போன வாரம் வந்த ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை ஊட்டுவது எப்படி என்று பெற்றோருக்கு யாரோ சொன்ன ஆலோசனை அது. தூங்கப் போகுமுன், அன்று கிடைத்த நல்லவற்றைச் சீட்டில் எழுதி ஒரு ஜாடியில் போடச் சொல்ல வேண்டுமாம். அதன் கீழே உங்களில் பாதிப் பேர், ‘நம்மை அடித்து வளர்த்தார்கள், அதனால்தான் நமக்கு நன்றி தெரியும்’ என்று எழுதிக் கைகூப்பியிருந்தீர்கள். அப்படி நன்றி தெரிந்த நாம், கீழே பட்டணத்துக்கு இறங்கிய பிறகு பெற்றவர்களைப் பார்க்க எத்தனை முறை மலையேறினோம் என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். கேட்டால் குழுவில் ஆள் குறையும். அதனால் வேறொன்றை எழுதுகிறேன்.

சின்ன வயதில் பையன்கள் என்னைத் ‘தவிட்டுப் புள்ள’ என்று கூப்பிட்டது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். காரணம் தெரியாமல் நீங்களும் கூப்பிட்டிருப்பீர்கள். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த கையோடு போனது. இன்னொன்று பல் முளைத்து, அப்பாவைப் பார்த்துக் கைநீட்டத் தொடங்கிய பிறகு போனது. மூன்றாவதாக நான் பிறந்ததும், லைன் வீடுகளில் இருந்தவர்கள் வழக்கப்படி செய்துவிடச் சொன்னார்கள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, பிள்ளைகள் நன்றாகத் தங்கிய ஒருத்திக்கு விற்றுவிட வேண்டும். விலை ஒரு படித் தவிடு. பிறகு எமன் வந்து கேட்டாலும், இது இவள் பிள்ளை இல்லை, வேறொருத்தி பிள்ளை இங்கே சும்மா வளர்கிறது என்று சொல்லிவிடலாம். எமன் அவ்வளவு ஏமாளியா என்று கேட்காதீர்கள். கணக்கெழுதுகிற ஆபீஸ் கிராணியையே நம் ஆட்கள் ஏமாற்றவில்லையா?

என்னை வாங்கியவர் கங்காணியின் மனைவி. தோட்டமே அவரைக் கங்காணியம்மா என்றுதான் கூப்பிடும். அவருக்குப் பிறந்த அத்தனையும் ஆண், அத்தனையும் கல்லுக்குண்டுபோல நின்றன. என்னை முறத்தில் கிடத்தி அவர் வீட்டு வாசலில் வைத்தார்களாம். அவர் அம்மாவின் முந்தானையில் தவிட்டைக் கொட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாராம். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “இது என் புள்ள. பால் குடுத்து வளத்துக் குடு” என்று அம்மாவிடமே திருப்பித் தந்தாராம். சடங்கு அவ்வளவுதான். மற்றவர்களாக இருந்தால் அத்தோடு மறந்திருப்பார்கள்.

அம்மா மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை. நான் மூச்சு விடுவதே கங்காணியம்மா போட்ட பிச்சை என்று அவர் நம்பினார். வெள்ளிக்கிழமைதோறும் தலை குளிப்பாட்டி, வீட்டுக்குப் பின்னால் பூத்ததைச் சூட்டி, அந்த வீட்டுக்கு அனுப்புவார். காலில் விழ வேண்டும். கோழி முதலில் இட்ட முட்டை அங்கே போகும். தீபாவளிக்குச் சுட்ட முதல் முறுக்கு அங்கே போகும். புதுச்சட்டையை அங்கே போய்க் காட்டிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அதை நன்றாயிருக்கிறது என்று சொல்வார்கள். நான் முரண்டு பிடித்தால், “நன்றி கெட்ட ஜென்மம் தங்காதுடி” என்பார் அம்மா. தங்காது என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வேடிக்கை இதுதான். சோற்றை மிச்சம் வைத்தாலோ, விறகு பொறுக்கப் போக மறுத்தாலோ, “இரு, ஒன்ன வாங்குன அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க” என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். நான் சிரித்ததில்லை. விற்ற பொருளை வாங்கியவர் ஒருநாள் எடுத்துக்கொண்டு போவார் என்பது கடைக்குப் போய் வருகிற பிள்ளைக்குத் தெரியாதா?

கங்காணியம்மா உயரமானவர். கறுப்புக் கம்பளிச் சட்டையும் அதற்கு மேல் சேலையுமாக, வெற்றிலை வாசமும் தைல வாசமும் கலந்து வருவார். காலில் விழுந்து எழுந்ததும் என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்புவார். கங்காணி கூடையில் கொழுந்தைப் புரட்டிப் பார்ப்பதைப்போல என்னைப் பார்ப்பார்.

“என் புள்ளைக்குக் கன்னம் வத்திப்போச்சே. உங்கம்மா சோறு போடறாளா இல்லையா?”

“போடறாங்க பெரியம்மா.”

“நல்லா சாப்புடணும். எனக்கு வேணும்ல நீ.”

அம்மா, அப்பா, கங்காணியம்மா, இந்த மூவர் பேச்சையும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வாரம் முழுக்க என்னவெல்லாம் நினைக்கும் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒருமுறை வெற்றிலைப் பெட்டியை எடுத்துவர உள் அறைக்குப் போகச் சொன்னார். அங்கே ஆணியில் பூப்போட்ட சின்னக் கவுன் ஒன்று தொங்கியது. பலகைமேல் சிவப்பு ரிப்பன், ஒரு சீப்பு, கால் அளவு சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்து. அந்த வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. கவுனின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன். எனக்குத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் ஒடுங்கி நின்றதைப் பார்த்து, குளிர் என்று நினைத்து அவர் அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனார்.

அந்த ஆண்டுக் கடைசி மழையில்தான் எல்லாம் நடந்தது. அந்த மழை உங்களுக்கும் நினைவிருக்கலாம். மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கி, பக்கத்து லைன் கூடத் தெரியாது. கொடியில் போட்ட துணி காயவே காயாது, அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைத்ததில் எல்லார் சட்டையிலும் புகைநாற்றம். தொழிற்சாலையில் கொழுந்து வாடுகிற வாசனை மட்டும் மூட்டத்துக்குள் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவோடு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனேன்.

“கங்காணிக்கு வேல முடிஞ்சிடுச்சி” என்றார் கங்காணியம்மா. “கோலா தெர்லாவுல மூத்தவன் காய்கறித் தோட்டம் போட்டிருக்கான்ல, அங்கயே வீடும் கட்டிட்டான். லோரி கெடச்சதும் கெளம்ப வேண்டியதுதான்.”

அம்மாவுக்கு உடனே கண்ணீர் வந்துவிட்டது. “நீங்க பக்கத்துல இல்லாம இவள எப்படிக்கா நான் வளப்பேன்?”

“அப்ப என் புள்ளய என்கூடவே அனுப்பிடு.”

“உங்க புள்ள. நீங்க கூட்டிட்டுப் போறத தடுக்க நான் யாருக்கா?”

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற மரியாதைப் பேச்சு அது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது முடிவாகிவிட்ட விஷயம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “என்ன அனுப்பிடுவீங்களா?” என்று கேட்டேன். அவர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். “சொன்ன பேச்சு கேட்டா ஏன் அனுப்பப் போறோம்?” என்றார். பிள்ளையைத் திருத்த இதுதான் சமயம் என்று நினைத்திருப்பார், பாவம். நான் கேட்காமல் விட்ட பேச்செல்லாம் ஒவ்வொன்றாக என் ஞாபகத்துக்கு வந்தது.

அதன்பிறகு லோரிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். சரக்கு கெட்டுப்போனால் வாங்கியவர் வேண்டாம் என்பார்தானே என்று ஒரு யோசனை தோன்றியது. தலை வாரவிடாமல் ஓடினேன். கங்காணியம்மா எதிரே வந்தால் வேண்டுமென்றே இருமினேன், மூக்கைச் சட்டையில் துடைத்தேன். அவர் தைலத்தை எடுத்துவந்து என் நெஞ்சில் தேய்த்துவிட்டார். அம்மா வீட்டில் வைத்துத் தொடையில் கிள்ளினார். “உசுரு குடுத்தவங்க முன்னால இப்பிடியா நிப்ப?”

கடைசியில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விற்றது செல்லாது. கோழிக்கு வைத்திருந்த தவிடு விறகுக்குப் பக்கத்தில் தகர டின்னில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போன பிறகு டின்னைத் திறந்தேன். ஒரு படி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. குறைந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று பள்ளிக்கூடப் பை நிறைய அள்ளிக்கொண்டேன்.

தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் அன்று என் காலே எனக்குத் தெரியவில்லை. யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தது. நின்றால் அந்தச் சத்தமும் நின்றது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமாக இருக்கும். அட்டை காலில் ஏறியது தெரிந்தும் குனிந்து பிடுங்கப் பயந்து ஓடினேன். கங்காணியம்மா வீட்டு வாசலில் சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தது. அவர் வெளியே வருவதற்குள் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

“என்னா புள்ள இது?”

“உங்க தவிடு. கூடவே இருக்கு, கொறையல. நான் எங்கம்மா புள்ள. லோரியில வரமாட்டேன்.”

அவர் கையில் இருந்த தவலையைக் கீழே வைத்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல.”

“இத்தன நாளும் என்னக் கண்டு பயந்துக்கிட்டா இருந்த?”

நான் பையைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு முறை உதறினேன். அதற்குள் அவர் வீட்டுக் கோழிகள் ஓடிவந்து தவிட்டைக் கொத்தத் தொடங்கின. அவர் கையை ஓங்கினார், பிறகு விரட்டாமல் விட்டுவிட்டார். கோழி தின்னத் தின்ன எனக்கு நிம்மதியாக இருந்தது. தின்றதை யாரும் திருப்பித் தர முடியாது.

“மழ வலுக்கறதுக்குள்ள வூட்டுக்குப் போ” என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை என் தலையில் போட்டுவிட்டார். பாதி வழியில் அந்தத் துண்டை ஒரு தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டேன். அதை வாங்கிக்கொண்டால் மறுபடியும் விலைபோய்விடுவேன் என்று பயம். வீடு சேர்வதற்குள் தெப்பமாக நனைந்துவிட்டேன். அந்த மழைக்குள் ஒரு லோரி முக்கிக்கொண்டு கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. முதல்முறையாக நான் ஒளியவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை. முதுகுக் கூடையை இறக்காமலே என் நெற்றியைத் தொட்டார். கழுத்தைத் தொட்டார். சட்டைக்குள் கையைவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“என்ன காரியம்டி பண்ணிட்ட? இனிமே நீ யாரு புள்ளன்னு நான் சொல்லுவேன்?”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கங்காணியம்மா வீடு பூட்டியிருந்தது. சேற்றில் லோரித் தடம். அம்மா அந்தத் தடத்தில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அதுவரை கங்காணியம்மாவுக்குப் பயந்திருந்த நான் அன்றிலிருந்து அம்மாவின் முகத்துக்குப் பயந்தேன். என்னைப் பார்க்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் போன இரண்டையும் பார்த்தார். இவ்வளவு காலமும் முட்டையும் முறுக்கும் கொடுத்து, காலில் விழவைத்து, அவர் எனக்கு நன்றி சொல்லிக் கொடுத்தார் என்றுதான் ஊர் நினைத்தது. அவருக்குள் இருந்தது நன்றியே இல்லை, வெறும் பயம். பிள்ளை போய்விடுமோ என்ற பயத்துக்கு அவர் நன்றி என்று பெயர் வைத்திருந்தார். அதைத்தான் எனக்கும் ஊட்டினார். நான் பிள்ளை பெற்ற பிறகுதான் இது எனக்கு விளங்கியது, அதற்குள் அம்மா போய்விட்டார்.

நனைந்தவளுக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா? வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் குழல் வைத்துப் பார்த்து, “மழைக் காய்ச்சல்தான், நெஞ்சுல சளி கட்டியிருக்கு. மருந்தக் குடுத்துக் கதகதப்பா வெச்சிருங்க” என்றார்.

“இது மருந்துக்கு அடங்காதுங்க ஐயா” என்றார் அம்மா.

காய்ச்சல் ஏறியது. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் என் தலைக்குள் விழுந்தது. கண் திறக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் பக்கத்தில் இருந்தது, அதைப் பார்த்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். நான் சாகப் போகிறேன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அவர் முகத்திலிருந்து நானே தெரிந்துகொண்டேன். வேடிக்கைப் பேச்சுப் பேசிய அப்பா வாசலில் நின்று வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு, “நான் போயி அவங்கள அழச்சிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

கோலா தெர்லா போகிற வழியில் மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. இருபக்கமும் லோரிகள் நின்றுவிட்டன. அப்பா சரிந்த மண்மேல் ஏறி நடந்தே போயிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் கங்காணியம்மா அதே மண்ணில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாய்ந்த மரங்களைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார். மறுநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு. நான் கண்ணை இறுக மூடி, தூங்குவதுபோல் கிடந்தேன்.

“முந்தானைய நீட்டு” என்ற குரல் கேட்டது. கங்காணியம்மா மடியில் தவிட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “மறுபடியும் வாங்கிக்கிறேன். உன் மனசுக்கு நிம்மதியாப் போவட்டும்.”

“வேணாங்கா.”

“என்னா வேணாம்?”

“போன தடவ வெளையாட்டாப் பண்ணிட்டோம். வித்துட்டு வூட்டுலயே வெச்சிக்கிட்டேன். அந்தப் பேராசதான் இப்ப கேக்குது. நெசமாவே கூட்டிட்டுப் போயிடுங்க. என் கண்ணுல படாட்டியும் பரவால்ல. எங்கயாச்சும் உசுரோட இருந்தாப் போதும்.”

இத்தனை காலமும் நான் பயந்துகிடந்தது இந்தப் பேச்சுக்குத்தான். அதைக் கேட்டுவிட்டேன். கேட்டது என் அம்மாவின் வாயிலிருந்து. கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டேன்.

காலடிச் சத்தம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“நெசமாத்தான் சொல்றியா?” என்றார் கங்காணியம்மா. அந்தக் குரல் வேறாக இருந்தது. அதில் இருந்தது ஆசை என்று இப்போது சொல்வேன். பெண்பிள்ளை இல்லாத அந்த மனுசி ஆணியில் கவுனை மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். குனிந்து தூக்கினால் போதும், கேட்க யாரும் இல்லை. அப்பாகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

“நெசமாத்தாங்கா. தூக்கிக்குங்க.”

குளிர்ந்த காற்று என் காலில் பட்டது. கங்காணியம்மா கம்பளியை விலக்கியிருந்தார். இமையிடுக்கு வழியாகப் பார்த்தேன். கம்பளிக்கு அடியில் அம்மாவின் கை என் கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தமான பிடி. வாய் தூக்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது. கை என்ன செய்கிறது என்று அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

கங்காணியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பளியை இழுத்து, என் காலோடு அந்தக் கையையும் சேர்த்து மூடினார்.

“இந்தக் கைய மட்டும் எடுத்துடாத, புள்ள” என்றார் அம்மாவிடம். “கஞ்சிக்கு அரிசி எங்க வெச்சிருக்க?”

பதிலுக்குக் காத்திராமல் அடுப்பங்கரைக்குப் போனார். அங்கே அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஈர விறகுப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் இறங்கும்வரை இருந்துவிட்டுப் போனார். என்னிடம் எதுவும் பேசவில்லை, தாடையைத் தொடவும் இல்லை. கிளம்பும்போது அவர் காலில் விழச் சொல்லி அம்மா என்னை எழுப்பவில்லை. அதற்குப் பிறகும் அவரைப் போய்ப் பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த பள்ளி விடுமுறை வந்தபோது, பெரியம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று நானாகத்தான் கேட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சட்டைகளை எடுத்துவைக்க மட்டும் அவருக்கு அன்று முழுப் பகலும் ஆனது.